மஞ்சள் அட்டையின் ஏழு விதிகள்

ஜூன் 3, திங்கள்

காலை 5.40க்கு எழுந்தேன். நிர்வாகம் மணிக்கட்டில் மாட்டிவிட்ட கைப்பட்டை 5.45க்குத்தான் அதிரும். ஒரு ரப்பர் துண்டு என்னை எழுப்ப வேண்டிய நிலை இன்னும் வரவில்லை.

தாழ்வாரத்துக் கேமரா மூன்று நாளாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலாளர் நிகிலேஷைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எல்லாமே நல்லா தெரியுதுங்க மேடம்" என்றார்.

"தெரியுது. சாய்ஞ்சு தெரியுது."

ஏணி கொண்டுவந்து நிமிர்த்தினார்கள். நிமிர்த்தி முடிக்கும்வரை கீழே நின்று பார்த்துக்கொண்டேன். நாற்பது வீடு, அறுபத்து நான்கு கேமரா, ஒன்று கோணினால் மற்றவையும் கோணும். தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்தொன்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவள் நான். ஆபரேட்டர்கள் பேசுவதைக் காதில் கருவி மாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. முதியோர் குடியிருப்பான இந்த நிறைவகத்தில் எங்களைக் கவனிக்கச் செய்திருக்கும் ஏற்பாடுகளைக் குறை சொல்கிறவர்களுக்குக் கவனிப்பு என்றால் என்னவென்று தெரியாது.

எல்லாக் கதவும் சாம்பல் நிறம். பெயர்ப்பலகை கூடாது, எண் மட்டும். நான் பி-12. மடத்துப் பள்ளி விடுதியில் 47. பாவாடை, சட்டை, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் 47 தைத்திருக்கும். எண் இருந்தால் துணி தொலைவதில்லை.

பி-13 கிடையாது, யாரும் வாங்கமாட்டார்களாம். ஆகவே எனக்கு அடுத்த வீடு பி-14. அங்கே காங்கேயத்திலிருந்து வந்த நாச்சாத்தாள் இருக்கிறார். கதவில் மாவிலைத் தோரணமும் "நாச்சாத்தாள் இருக்கேன், வாங்க" என்று சாக்பீஸ் எழுத்தும். இருமுறை புகார் கொடுத்தாயிற்று.

டயரியைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மடத்துத் தலைவி மதர் யூஜின் தோளுக்குப் பின்னால் நின்று திருத்துவது போலிருக்கிறது.

ஜூன் 5, புதன்

பி-14 மயிலுக்குச் சோளம் போட்டார். புகார் எண் 3.

ஜூன் 6, வியாழன்

காலை நடையில் எல்லோரும் வலமாகச் சுற்ற வேண்டும் என்பது விதி. நாச்சாத்தாள் இடமாகச் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் எதிரே வந்து "வாங்கக்கா" என்கிறார். ஆறு சுற்றுக்குப் பன்னிரண்டு தடவை "வாங்கக்கா".

இன்று நிறுத்திக் கேட்டேன். "எல்லாரும் ஒரு பக்கமா போறப்ப நீங்க மட்டும் ஏன் எதிர்த்தாப்புல வர்றீங்க?"

"வலமா சுத்தறது கோயிலுக்குங்கக்கா. இங்க நடுவுல தண்ணித் தொட்டிதானுங்க இருக்குது. அதுவுமில்லாம, பின்னால போனா உங்க முதுகுதான் தெரியுது. இப்படி வந்தா மூஞ்சியப் பாக்கலாமில்லீங்?"

அடுத்த சுற்றைத் தொடர்ந்தேன். கைப்பட்டை ஆறாயிரம் அடி காட்டியது.

மகன் ஆல்வின் தொலைபேசியில் பேசி இன்றோடு பத்து நாள். குறையாகச் சொல்லவில்லை. டொரண்டோவிலிருந்தே அவன் போன் திரையில் என் புள்ளி தெரிகிறது: நான் எழுந்தது, நடந்தது, மாத்திரை விழுங்கியது எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. "உங்க புள்ளி பச்சையா இருந்தாலே எனக்கு நிம்மதிம்மா, பேசணும்னுகூட இல்ல" என்று சென்ற முறை சொன்னான். நல்ல ஏற்பாடு. வெட்டிப் பேச்சு மிச்சம்.

ஜூன் 7, வெள்ளி

மாதக் கூட்டம். நிகிலேஷ் வருத்தத்தில் இருந்தார். கேமராவில் தவறுகள் தெரிகின்றன, ஆனால் முதியவர்களைக் கண்டித்தால் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். "ஏதாச்சும் ஐடியா இருந்தா சொல்லுங்க" என்றார். பி-9 தண்டபாணி, ஓய்வுபெற்ற சார்பதிவாளர், டீ எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

நான் எழுந்து எங்கள் மடத்துக் கட்டையைப் பற்றிச் சொன்னேன்.

உள்ளங்கை அகல வட்டக் கட்டை, கயிறு கோத்தது. பள்ளியில் யார் தமிழில் பேசினாலும் அது அவள் கழுத்தில் விழும். அவள் அடுத்து தமிழ் பேசுகிற ஒருத்தியைப் பிடித்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டால் தப்பினாள். மாலை ஆறு மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவள் சாப்பாட்டு நேரம் முழுக்க மணிக்கூண்டுக்குக் கீழே நிற்க வேண்டும். சிஸ்டர்கள் யாரையும் கண்காணிக்கவே தேவையில்லை. முந்நூறு பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி கண்காணித்துக்கொள்வோம்.

"சூப்பர் கான்செப்டுங்க மேடம்!" என்று நிகிலேஷ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்தக் கட்ட உங்க கழுத்துல எத்தன தடவ விழுந்துச்சுங்கக்கா?" என்று பின்வரிசையிலிருந்து நாச்சாத்தாள் கேட்டார்.

"விழுந்திருக்கும். ஆனா ஒரு நாள்கூட ஆறு மணி அடிக்கும்போது என்கிட்ட இருந்ததில்ல" என்றேன். அது உண்மை. ஒரு நாள்கூட இருந்ததில்லை.

ஜூன் 8, சனி

ஒழுங்குக் குழுத் தலைவி ஆகிவிட்டேன். குழுவில் வேறு யாரும் இல்லை.

விதிகளை எழுதிக் கொடுத்தேன். ஏழு. மஞ்சள் அட்டை ஒன்றே ஒன்று. தவறு செய்தவர் கதவில் தொங்கும். சனி மாலை ஆறு மணிக்கு யார் கதவில் இருக்கிறதோ அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். நான்காம் விதிக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று: அட்டையை வைத்திருப்பவர் இன்னொருவரின் தவறைக் கண்டு, தன் கைப்பட்டையை அட்டையில் தொட்டுப் பெயரைச் சொன்னால் மட்டுமே அது கைமாறும், மேலாளர் உட்பட வேறு எவரும் மாற்ற முடியாது. பள்ளியில் சில இளம் சிஸ்டர்கள் இரக்கப்பட்டுக் கட்டையைத் தாங்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒழுங்கு அப்படித்தான் கெடும்.

ஏழாம் விதி: கைமாற்றாமல் அட்டையை எடுப்பவர், மறைப்பவர், எறிபவர் யாரானாலும் அந்தக் கணமே அட்டை அவருடையது, தண்டனையும் முழுத் தண்டனை. இதுவும் அனுபவம்தான். ஒருத்தி கட்டையைக் கிணற்றில் எறிந்தாள். கட்டையல்லவா, மிதந்தது.

நிகிலேஷ் படித்துக்கூடப் பார்க்காமல் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அனுப்பிவிட்டார்.

ஜூன் 12, புதன்

அட்டை அறிமுகமாயிற்று. காலை ஒன்பதுக்கு பி-6 கணவர் (சர்க்கரை நோயாளி) ஜாங்கிரியோடு கேமராவில் சிக்கினார். 9.20க்கு அவர் தன் மனைவியைப் பிடித்துக் கொடுத்தார்: ஓய்வு நேரத்தில் சத்தமாகப் பேசினார். மனைவி சத்தம் போட்டதே அந்த ஜாங்கிரியைப் பற்றித்தான். 9.35க்கு மனைவி திரும்ப அவரையே பிடித்தார். மதியத்துக்குள் அட்டை அந்த ஒரே கதவில் எட்டு முறை கைமாறிவிட்டது. அம்பத்தோரு வருடத் தாம்பத்தியமாம்.

ஜூன் 19, புதன்

ஒரு வாரத்தில் என்ன மாற்றம்! சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டிச் சத்தம் மட்டுமே கேட்கிறது. எல்லோரும் வலமாக நடக்கிறார்கள், சீரான இடைவெளியில், தலை குனிந்து. கேரம் போர்டு மூன்று நாளாகத் தொடப்படவில்லை. தண்டபாணி குரோட்டன்ஸ் செடிகளுக்குப் பின்னால் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். செடிக்குமேல் அவர் வழுக்கை தெரிகிறது என்று சொன்னேன். மறுநாள் பச்சைத் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பரம திருப்தி. சாப்பாட்டில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. மரியாதை.

ஜூன் 24, திங்கள்

நிர்வாகத்தார் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு சேர்க்கையும் செய்திருக்கிறார்கள்: மூன்று சனிக்கிழமை தொடர்ந்து அட்டை வைத்திருப்பவர் "தனியாக வாழும் ஒழுங்கு" இல்லாதவர் என்று கருதப்பட்டு, தன் வீட்டைவிட்டு அரவணைப்புப் பிரிவுக்கு மாற்றப்படுவார். படுத்த படுக்கையானவர்களுக்கும் நினைவு தப்பியவர்களுக்கும் உள்ள பிரிவு அது. இதுவே முழுத் தண்டனை.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களா மேடம்?" என்று நிகிலேஷ் கேட்டார்.

"எதுக்கும் ஒரு முடிவு வேணும்" என்று கையெழுத்துப் போட்டேன். பள்ளியிலும் மூன்றாம் முறை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜெரோசாவை அப்படித்தான் அனுப்பினார்கள். என் பக்கத்துக் கட்டில், 48. இப்போது எதற்கு அவள் ஞாபகம் என்று தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

காலை பத்தரைக்குக் கைப்பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். புள்ளி அணைந்தால் எத்தனை நேரத்தில் கவனிக்கிறார்கள் என்று சோதிப்பது குழுத் தலைவியின் கடமை.

நிகிலேஷும் நர்சும் ஒன்பதாவது நிமிடத்தில் ஓடிவந்தார்கள். போன் வரவில்லை. நாற்பது நிமிடம் பார்த்தேன். டொரண்டோவில் அப்போது இரவு ஒரு மணி என்பது எனக்குத் தெரியும். அதற்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை.

அட்டை வைத்திருந்த தண்டபாணி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். "கைப்பட்டை அகற்றல், பிரிவு மூன்று" என்று பத்திரம் படிப்பது போலப் படித்து, என் பெயரைச் சொல்லி அட்டையைத் தொட்டுவிட்டார். அது சோதனை என்று விளக்கினேன். "எழுத்து மூலமா முன்அனுமதி இருக்குதுங்களா?" என்றார். இல்லை. அவர் செய்தது முறைதான்.

என் கதவில் மஞ்சள் அட்டை தொங்குகிறது. மதியம் சாப்பிடப் போகவில்லை. பசியில்லை.

ஜூன் 28, வெள்ளி

காலையிலிருந்து யாரையும் பிடிக்க முடியவில்லை. என்னைக் கண்டதும் எல்லோரும் சிலையாகிவிடுகிறார்கள்.

மதியம் பக்கத்து வீட்டிலிருந்து வாடை வந்தது. மின்அடுப்பு கூடாது, அறையில் சமையல் கூடாது, அசைவம் கூடவே கூடாது: மூன்று விதிகள். விசாரிக்க எழுந்தபோது நாச்சாத்தாளே தட்டோடு உள்ளே வந்துவிட்டார். வறுத்த நெத்திலிக் கருவாடு, சுடுசோறு, ரசம்.

"சாப்பாட்டுக்கு ரெண்டு வேளையா உங்களக் காணமுங்க. அட்ட கெடந்துட்டுப் போகுது வுடுங்கக்கா. சாப்பிடுங்."

"இது எங்கிருந்து வந்தது?"

"எங்க மருமவ பஞ்சாமிர்த டப்பாவுல ஒளிச்சுக் குடுத்துட்டுப் போனாளுங்க. கேட்டுல மோந்துகூடப் பாத்தாங்க. சாமி பிரசாதம்னு சொன்னதுங் கன்னத்துல போட்டுட்டு வுட்டுட்டாங்க."

சாட்சியத்துக்காகக் கொஞ்சம் உட்கொண்டேன். கருவாடு எங்கள் ஊர் முறைப்படி இல்லை, மிளகாய் தூக்கல். இருந்தும் தட்டைக் காலி செய்தேன். உணவை வீணாக்குவது பாவம். நாச்சாத்தாள் எதிரே உட்கார்ந்து, தன் மாமியார் மாட்டுக்குத் தீனி போடப் போன நேரத்தில் ரகசியமாகக் கருவாடு வறுத்த கதை சொன்னார். சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது. கைப்பட்டை "இதயத் துடிப்பு அதிகம், உட்காரவும்" என்றது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

ஜூன் 29, சனி

மாலை 5.55க்கு அட்டையில் கைப்பட்டையைத் தொட்டேன். "பி-14. அறையில் சமையல்" என்றேன்.

விதி விதிதான்.

தட்டைக் கழுவி, துடைத்து, அவர் வாசலில் வைத்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. முழங்கால் வலி.

ஜூலை 2, செவ்வாய்

நாச்சாத்தாள் அட்டைக்குச் செவ்வந்திச் சரம் சுற்றி, குங்குமம் வைத்திருக்கிறார். "கதவு மொட்டையா இருந்துதுங்க, இப்பப் பாருங்க லட்சணமா இருக்குது" என்று எல்லோரிடமும் சொல்கிறார். நடையில் வழக்கம்போல எதிரே வந்து "வாங்கக்கா" என்றார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. வித்தியாசம் இருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூலை 4, வியாழன்

நாச்சாத்தாள் யாரையும் பிடிக்க முயலவே இல்லை. அவர் கண் முன்னாலேயே பி-6 கணவர் லட்டு சாப்பிட்டார். இவர் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நேரில் போய்ச் சொன்னேன். "நாளன்னைக்கு சனிக்கிழமை. இரண்டாவது வாரம் ஆயிடும். யாரையாவது சொல்லிருங்க. தண்டபாணி தினமும் பொதுப் பேப்பர் ரெண்டு எடுத்துட்டுப் போறாரு, ஒண்ணுதான் அனுமதி."

"எடுத்துட்டுப் போகட்டுங்க. மூணாவது பக்கத்துல குறுக்கெழுத்துக் கட்டம் போடறாரு பாவம்."

"அப்ப என்னைச் சொல்லுங்க. நேத்து மாத்திரை பத்து நிமிஷம் தாமதமாப் போட்டேன்."

"அக்கா, எங்கூர்ல ஆடு மேயறப்ப பக்கத்துக் காட்டுல வாய வெச்சுப்போடும். வெச்சுதுன்னா அதட்டித் திருப்பிக்குவோம். அதுக்குன்னு ஊருக்குள்ள போயி ஆட்டக் காட்டிக்குடுக்கறதுங்களா? எனக்கு இது பழக்கமில்லீங்க."

"அரவணைப்புப் பிரிவுக்கு அனுப்பிருவாங்க, தெரியுமா?"

"தெரியாம என்னுங். ஆனா அங்க மயிலு வராதில்லீங், அதுதான் ரோசன."

ஜூலை 6, சனி

ஆறு மணி. பி-14. இரண்டாவது வாரம்.

ஜூலை 9, செவ்வாய்

அரவணைப்புப் பிரிவைப் பார்வையிட்டேன். சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஓர் அறைக்கு இரண்டு கட்டில். கதவில் உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. குளியலறையிலும் இல்லை. ஜன்னல் திறக்காது. எல்லோருக்கும் ஒரே வெளிர்நீல அங்கி. நர்ஸ் மடித்துக்கொண்டிருந்த அங்கியின் கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலால் எண் தைத்திருந்தது.

"பேரு எழுத மாட்டீங்களா?" என்றேன்.

"பேரு எதுக்குங்கம்மா? நம்பர் இருந்தா துணி மாறாதுங்க" என்றாள்.

சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அறைக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைப்பட்டை எழுந்து நடக்கச் சொல்லி மூன்று முறை அதிர்ந்தது.

ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாம் வகுப்பு. அன்று மாலை கட்டை என்னிடம் இருந்தது. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். ஜெரோசா எனக்குத் துணையாகப் பக்கத்திலேயே நின்றாள். "ஒரு நாள் நிண்ணா என்ன, நானும் சாப்பிடாம இருக்கேன்" என்று ஆங்கிலத்தில், தப்புத் தப்பாகச் சொன்னாள். அப்போது காற்றில் விடுதிக் கதவு அறைந்து மூடிக்கொண்டது. அவள் விரல் நடுவில் சிக்கிக்கொண்டது. "ஐயோ அம்மா!" என்று கத்தினாள்.

தமிழ்.

கட்டையை அவள் கழுத்தில் மாட்டினேன். மணி அடித்தது. அவளுக்கு அது மூன்றாம் முறை. அதற்கு முந்தைய முறைதான் கிணற்றில் எறிந்திருந்தாள். மறுநாள் அவள் அப்பா படகு வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் விரலில் துணி சுற்றியிருந்தது. எனக்குக் கையாட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்த வருடம் நன்னடத்தைக்கான பதக்கம் எனக்குக் கிடைத்தது. பீரோவில் இருக்கிறது. ஜெரோசா எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா, தெரியாது.

ஜூலை 11, வியாழன்

நிகிலேஷிடம் போய் அட்டையை ரத்து செய்யச் சொன்னேன்.

"முடியாதுங்களே மேடம். விதி நாலு. நானே தொட்டாலும் சிஸ்டம் எடுத்துக்காதுங்க. நீங்கதான அப்படிக் கேட்டீங்க?"

"பி-14 விஷயத்துல மட்டும் ஒரு விலக்கு?"

"விலக்கு குடுத்தா ஒழுங்கு கெட்டுப்போயிருமுங்க மேடம்" என்றார். என் வாக்கியம் அது.

ஜூலை 12, வெள்ளி

நாச்சாத்தாள் பெட்டி கட்டிவிட்டார். இரண்டு புடவைதான் கொண்டுபோகலாமாம், அங்கே அங்கி இருப்பதால். சோள டப்பாவை என்னிடம் கொடுத்தார். "காத்தால அஞ்சே முக்காலுக்கு வருமுங்க. மூணு. ஒண்ணு நொண்டி, அதுக்குத் தனியாப் போடோணும். இல்லீன்னா மத்ததுங்க வுடாது."

"மயிலுக்குத் தீனி போடறது விதிமீறல்" என்றேன்.

"ஆமாங்" என்று டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 13, சனி

இதை நிதானமாக எழுதுகிறேன்.

மாலை 5.30க்குக் குளித்து, மாதா திருநாளுக்கு உடுத்துகிற வெள்ளைப் பட்டுப் புடவையை உடுத்தினேன். பதக்கத்தைக் குத்திக்கொள்ளலாமா என்று யோசித்து, மறுபடி பீரோவிலேயே வைத்தேன். 5.50க்கு வெளியே வந்தேன். தாழ்வாரத்துக் கேமரா நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

தண்டபாணி குரோட்டன்ஸுக்குப் பின்னால் இருந்தார். "மிஸ்டர் தண்டபாணி, இங்க வாங்க. சாட்சி வேணும். குறிப்பேட்டையும் கொண்டுவாங்க" என்றேன். பச்சைத் துண்டோடு எழுந்து வந்தார்.

"மணி என்ன?"

"அஞ்சு அம்பத்தி மூணுங்க."

"உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடுது. அஞ்சு அம்பத்தஞ்சுன்னு எழுதிக்கோங்க."

பி-14 கதவிலிருந்து மஞ்சள் அட்டையைக் கழற்றினேன். செவ்வந்திச் சரமும் கூடவே வந்தது. கேமராவைப் பார்த்து நின்று, பெயரும் வீட்டு எண்ணும் சொல்லி, அட்டையை என் கதவில் மாட்டினேன். கோணலாக இருந்தது. சரிசெய்தேன்.

சத்தம் கேட்டு நாச்சாத்தாள் வெளியே வந்தார். "ஏனுங்கக்கா, என்ன பண்றீங்? அது என்ரது!"

"உங்களுதில்ல. விதி ஏழு. எடுத்தவங்களுக்குத்தான் சொந்தம்."

"குடுங்க இங்க!"

"தொடாதீங்க! தொட்டா உங்களுதாயிரும்!"

அட்டையை மறைத்து முதுகைக் கதவில் சாய்த்து நின்றேன். எழுபத்தாறு வயதில் இப்படி ஒரு கைகலப்புக்கு இறங்குவேன் என்று என் கணவர் கிளாரன்ஸ் இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார். நாச்சாத்தாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்; நான் நகரவில்லை. ஜனங்கள் கூடிவிட்டார்கள். நிகிலேஷ் ஓடிவந்தார்.

"மேடம், தெரியாம எடுத்துட்டீங்கன்னு போட்டுக்கலாமுங்க. வயசானவங்களுக்கு மறதி வர்றது சகஜந்தானுங்களே."

"எனக்கு மறதி கிடையாது. தெரிஞ்சுதான் எடுத்தேன். தண்டபாணி, எழுதுங்க: தெரிஞ்சு."

"தெ-ரி-ந்-து" என்று எழுத்துத் தமிழில் எழுதிக்கொண்டார்.

ஆறு மணி அடித்தது. நாச்சாத்தாள் இன்னும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் பார்ப்பதற்கு முன் துடைத்திருக்க வேண்டும். கைக்குட்டை உள்ளே இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

அரவணைப்புப் பிரிவு, அறை 4, கட்டில் 2. அங்கியின் எண் 31. மஞ்சள் அட்டையும் கூடவே வந்து தலைமாட்டில் இருக்கிறது. டயரிக்கு அனுமதி கேட்டேன். விதிகளில் டயரியைப் பற்றி எதுவும் இல்லை. அதை எழுத நான் மறந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் தொண்ணூறு வயது அம்மாள். என்னைத் தன் தங்கை என்று நினைத்துத் திட்டுகிறார். பதிலுக்கு நானும் ஒன்றிரண்டு சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

காலை ஆறரைக்கு ஆல்வினின் போன். புள்ளி ஆரஞ்சு ஆகிவிட்டதாம்.

"என்னம்மா ஆச்சு? விழுந்துட்டீங்களா? ஏன் அந்த பிளாக்ல இருக்கீங்க?"

"ஒரு அட்டையை எடுத்தேன்."

"என்னது?"

முதலிலிருந்து சொன்னேன். நாற்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கருவாட்டுப் பகுதியில் சிரித்தான். சின்ன வயதில் சிரிப்பது போலவே மூக்கால் சிரிக்கிறான். அது புள்ளியில் தெரியாது. உடனே நிர்வாகத்தோடு சண்டை போட்டுப் பழைய வீட்டுக்கு மாற்றச் சொல்கிறேன் என்றான். மூன்று மாதத்தில் மறுபரிசீலனை உண்டு, முறைப்படி நடக்கட்டும், அவசரப்படாதே என்றேன். அப்படியானால் தினமும் பேசுகிறேன் என்றான். அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

ஜூலை 18, வியாழன்

ஒரு சிறு சிக்கல். அட்டை என்னுடையதாகிவிட்டதால் நான் இன்னொருவரைப் பிடித்துக் கொடுக்கும்வரை அது என்னிடமே இருக்க வேண்டும். விதி நான்கு. உலகத்தில் ஒரே அட்டை. விதி ஒன்று.

நிகிலேஷ் இன்று வந்தார். "மேடம், யாராச்சும் ஒருத்தரச் சொல்லி வுட்ருங்க. வெளியில எல்லாம் கைய மீறிப் போகுதுங்க."

"நான் யாரும் தப்பு செஞ்சு பாக்கலியே."

அவருக்குப் பின்னால், தோட்டத்தில், பி-6 தம்பதி ஒரே ஜிலேபியின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அதோ பாருங்க மேடம்!"

"எனக்கு இப்பல்லாம் தூரத்துப் பார்வை சரியில்ல" என்றேன்.

ஜூலை 22, திங்கள்

திறக்காத ஜன்னல் வழியாகக் காலை நடையைப் பார்த்தேன். பாதிப் பேர் வலமாக, பாதிப் பேர் இடமாக. ஒவ்வொரு சுற்றிலும் எதிர்ப்பட்டு நின்று பேசுகிறார்கள். ஆறு சுற்று நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தண்டபாணி மூன்று செய்தித்தாளோடு போனார். மயில் மூன்றும் வந்தன. நொண்டிக்குத் தனியாகத்தான் போட்டார்கள்.

கதவுகளில் பெயர்கள் முளைத்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். பி-9 கதவில் "எஸ். தண்டபாணி, சார்பதிவாளர் (ஓய்வு), நாய் இல்லை" என்று இருக்கிறதாம்.

ஜூலை 27, சனி

என் அங்கியின் கழுத்துப் பட்டியில் 31க்குப் பக்கத்தில் பச்சை நூலால் என் பெயரை "எமில்டா" என்று தைத்துக்கொண்டேன். தையல் நேராக வந்திருக்கிறது. மடத்தில் கற்றது.

மாலை ஐந்தரைக்கு நிகிலேஷ் மீண்டும் வந்தார். நிர்வாகத்தார் பார்வையிட வருகிறார்களாம். ஆறு மணிக்குள் யார் பெயரையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாசலிலேயே நின்றார்.

5.55க்கு நாச்சாத்தாள் மூடி போட்ட தட்டோடு உள்ளே வந்தார். பார்வையாளர் நேரம் ஐந்துக்கே முடிந்துவிட்டது. மூடியைத் திறந்தார். அறை முழுக்க வாடை. பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "தங்கச்சி, எனக்கும் வையி" என்றார்.

"மேடம்! இது போதுமில்லீங்களா? விசிட்டிங் டைம், அறையில சமையல், அசைவம். மூணு இருக்குதுங்க!" என்று நிகிலேஷ் கத்தினார்.

"என்ன சொல்றீங்க? எனக்கு மூக்கடைப்பு."

"இந்தத் தடவ மொளகாயக் கொறச்சிருக்கேனுங்கக்கா" என்றார் நாச்சாத்தாள்.

குறைத்திருந்தார். பாதி பக்கத்துக் கட்டிலுக்குப் போயிற்று. பேசிக்கொண்டே சாப்பிட்டதில் மீதம் இருந்தது. ஈ மொய்க்காமல் இருக்கத் தட்டை மஞ்சள் அட்டையால் மூடினேன். அளவு சரியாக இருக்கிறது.

மணி ஆறு அடித்தது. அட்டை என்னிடம்தான் இருந்தது.